படகுக்குத் தைத்த ஓவரால்

எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. திருச்சியில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் முதல் மதிப்பெண், கல்லூரிப் பேச்சுப் போட்டியில் கோப்பை, அதற்குப் பிறகு பஹ்ரைனில் பதினோரு வருஷமாக ஆபீஸ் கடிதங்கள். மற்றவர்கள் எழுதிய கடிதத்தில் பிழை கண்டுபிடித்துச் சிவப்பு மையில் வட்டம் போடுவது எனக்குப் பொழுதுபோக்கு. மனைவி எழுதிக் கொடுத்த மளிகைப் பட்டியலில்கூட ஒருமுறை வட்டம் போட்டேன். அன்று மதியம் வெறும் தயிர்சாதம்தான் கிடைத்தது.

அந்தத் திமிரை இறக்கி வைத்தவர் ஓர் இங்கிலீஷ்காரர். அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

பஹ்ரைனில் சித்ரா என்ற ஊரில் கடலை ஒட்டி ஒரு படகுப் பட்டறை இருந்தது. அதற்கு அவர்தான் மேனேஜர். பிரிட்டிஷ் பட்டாளத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வளைகுடாவில் ராணுவத்துக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர், அந்த வேலை முடிந்தபின்னும் ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டார். அர்பாப் என்று எல்லோரும் கூப்பிட்ட அரபு முதலாளி, பழைய சிநேகத்தில் பட்டறையை அவர் கையில் ஒப்படைத்திருந்தார். ஆட்கள் இருபத்திரண்டு பேர். பெரும்பாலும் ராமநாதபுரம், புதுக்கோட்டைக் கடற்கரைக்காரர்கள்.

மற்ற இடங்களில் இந்தி தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம். இங்கே மேஸ்திரிக்கு இந்தியில் தெரிந்தது ஒரே வார்த்தை, 'அச்சா'. மேஜர் எதைச் சொன்னாலும் 'அச்சா' என்று தலையாட்டிவிட்டு, தனக்கு எது சரியென்று பட்டதோ அதைச் செய்வார். அந்த அச்சாவுக்கு அர்த்தம் எதுவும் இல்லை என்று கண்டுபிடிக்க மேஜருக்கு ஆறு மாதம் ஆனது. கண்டுபிடித்த வாரமே ஆங்கிலமும் தமிழும் தெரிந்த ஆள் வேண்டும் என்று சொல்லி என்னை எடுத்தார். விசாவில் என் பதவி அட்மின் அசிஸ்டென்ட். உண்மையில் நான் இரண்டு வாய்களுக்கு நடுவில் ஒரு குழாய்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தகரப் பெட்டி மாதிரியான போர்ட்டாகேபினில் இருந்த தன் அறைக்குள் என்னை உட்கார வைத்தார். மேஜைமேல் அவர் மனைவியின் படம் இருந்தது. பட்டறைப் பக்கம் நான் இன்னும் போகவில்லை. மேஜர் அந்தப் படத்துக்கு மேலாக ஜன்னலைப் பார்த்தபடி பேசினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் அப்படியே தருகிறேன்.

"நேற்றுதான் அவளைத் திருப்பிப் போட்டோம். இருபது பேர் தேவைப்பட்டது."

நான் "ஐயோ" என்றேன்.

"நாலு மாதம் குப்புறக் கிடந்தாள். திருப்பும்போது கொஞ்சம் முனகினாள். நல்லவேளை, எங்கும் விரிசல் இல்லை."

"இப்போது எப்படி இருக்கிறார் சார்?"

"மல்லாந்து கிடக்கிறாள். கொஞ்சம் கனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அழகி." சொல்லும்போது அவர் கண் கலங்கியதை என் கண்ணால் பார்த்தேன். "மற்றதெல்லாம் அப்புறம். இனி அவள்தான் உன் முதல் பொறுப்பு."

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "நாலு மாசம் குப்புறவா? படுக்கைப் புண் வந்திருக்குமேங்க. இருபது ஆம்பளைங்களா வந்து திருப்பினாங்க? ஒரு நர்ஸ்கூடவா கெடைக்கல?" என்றாள். வெள்ளைக்காரர்களுக்குச் சொந்தபந்தம் கிடையாது, அதனால் வேலைக்காரர்களைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நான் விளக்கினேன். விளக்கம் சொல்வதில் நான் என்றைக்கும் குறை வைத்ததில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, லீவு. குதைபியாவில் எங்கள் வீட்டிலிருந்து மிளகு ரசம் ஒரு ஃபிளாஸ்க், இட்லி ஒரு டப்பா, படுக்கைப் புண்ணுக்கு என்று என் மனைவி காய்ச்சிய எண்ணெய் ஒரு பாட்டில், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டாக்ஸியில் மேஜர் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தது மேடம். ஒல்லியான உடம்பு. ஒரு கையில் பல்பு, பின்னால் ஸ்டூல். ஏறி நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த இடத்தில் புத்தியுள்ளவன் வாயை மூடிக்கொண்டு இட்லியைக் கொடுத்துவிட்டு வந்திருப்பான். நான் கோப்பை வாங்கிய என் ஆங்கிலத்தில் கேட்டேன். "உடம்பு தேவலையா மேடம்? இருபது பேர் சேர்ந்து திருப்பிப் போட்டதாகச் சார் சொன்னாரே!"

மேடம் என்னைப் பார்த்தார், ஃபிளாஸ்க்கைப் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நின்றபாடில்லை. இங்கிலீஷ்காரர்கள் படகை, கப்பலை எல்லாம் 'ஷீ' என்றுதான் சொல்வார்கள் என்பதை இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். இந்தக் காலத்துப் படகுகளைக் கவிழ்த்து வைத்துத்தான் கட்டுவார்களாம், அடிப்பாகம் முடிந்ததும் திருப்புவார்களாம். என் மனைவிக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் புருஷன் அசடு வழிகிறான் என்பதைப் புரிந்துகொள்ள மொழி தேவையில்லையே. அவளும் சிரித்தாள். ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேரும் தோழிகளாகிவிட்டார்கள். மேடம் மிளகு ரசத்தைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி இரண்டு முறை குடித்தார்.

அன்று மேடம் சொல்லித்தான் விஷயம் எனக்குத் தெரிய வந்தது.

மேஜருடையது பரம்பரையாகக் கப்பல் கட்டும் குடும்பம். இங்கிலாந்தில் ஓர் ஆற்றங்கரையில் அவர்களுக்குப் பட்டறை இருந்தது, இப்போதும் இருக்கிறது. அப்பா பெரிய கை. அவர் சொன்னால் அந்த ஆற்றங்கரையில் மறுபேச்சு கிடையாது. மேஜர் பதினேழு வயதில் தானே வரைந்து தானே கட்டிய சின்னப் படகு ஒன்றை ஊர்த் திருவிழா அன்று எல்லோர் எதிரிலும் தண்ணீரில் இறக்கினார். படகின் பக்கவாட்டில் தண்ணீர் எதுவரை வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒரு வெள்ளைக் கோடு இழுப்பார்கள். இறக்கியதும் தண்ணீர் சரியாக அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றால் கட்டியவன் கெட்டிக்காரன். மேஜரின் படகு கோட்டில் நிற்கவில்லை. பின்பக்கம் இரண்டு விரல் அமுங்கி நின்றது. அப்பா பட்டறை ஆட்கள் முன்னால் சொன்னாராம்: "கோட்டில் நிற்காதது படகில்லை, தொட்டி. இவன் கைக்குத் துப்பாக்கி வேண்டுமானால் சரிப்படும்."

அடுத்த மாதம் பையன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். பட்டறை அண்ணனுக்குப் போனது. அதற்குப் பிறகு இவர் ஊருக்குப் போனதெல்லாம் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். ஆற்றங்கரைப் பக்கம் கால் வைத்ததே இல்லை.

"இது அவருடைய இரண்டாவது படகு. இதை இறக்கும்போது அண்ணன் வந்து பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அண்ணனும் வருகிறேன் என்றுவிட்டார். கோட்டில் நிற்காவிட்டால் இந்த மனுஷன் என்ன ஆவாரென்று எனக்குத் தெரியவில்லை" என்றார் மேடம். அப்போது அவர் சிரிக்கவில்லை.

வீடு திரும்பும்போது நான் இரண்டு முடிவுகள் எடுத்தேன். ஒன்று, அந்தப் படகு கோட்டில் நிற்க என்னால் ஆனதையெல்லாம் செய்வது. இரண்டாவது, தெரியாத ஆங்கில வார்த்தை எது வந்தாலும் தெரிந்த மாதிரியே முகத்தை வைத்துக்கொள்வது, எவரிடமும் வாய்விட்டுக் கேட்பதில்லை. இன்னொரு ஃபிளாஸ்க் ரசத்தை என் மானம் தாங்காது. முதல் முடிவைக் கெடுக்க இரண்டாவது முடிவே போதும் என்பது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.

மேஜரிடம் வேலை பார்ப்பது பட்டாளத்தில் வேலை பார்ப்பதுதான். காலை ஆறரைக்கு எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் உளி. மேஜர் வரிசையில் நடந்து உளியின் முனையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்ப்பார். மழுங்கிய உளி வைத்திருப்பவன் ஒரு அடி முன்னால் வர வேண்டும். மேஸ்திரிக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஊருக்கு போன் பண்ணி, தான் இப்போது வெள்ளைக்காரப் பட்டாளத்தில் இருப்பதாகவே சொல்லிவிட்டார். அவர் சம்சாரம் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டு, எந்த நாட்டோடு சண்டை என்று விசாரித்தது.

மொழிபெயர்ப்பிலும் ஒரு தகராறு வந்தது. 'ஷீ' விஷயத்தில் ஏற்கனவே அடிபட்டவன் என்பதால் நான் கவனமாக "அவளுக்குப் பட்டி பாத்து முடிக்கணும், அவளைத் தேய்க்கணும்" என்று அப்படியே சொன்னேன். மேஸ்திரி முகம் சுளித்தார்.

"சார், மேஜரு உசுரையே வச்சிருக்காரு அது மேல. அதப் போயி அவ இவன்னு சொன்னா நல்லாவா இருக்கு? அவுகன்னு சொல்லுங்க."

அன்று முதல் படகு 'அவுக' ஆனது. அவுகளுக்கு வெயில் ஆகாது, அவுக மேல டீ கிளாஸ் வைக்காதே, அவுகளைக் காலால மிதிக்காதே. அர்பாப் ஒருநாள் வந்து படகுக்குள் ஏற, ஒரு பையன் ஓடிப்போய் "செருப்பு மாஃபி, செருப்பு மாஃபி" என்று தனக்குத் தெரிந்த அரபியில் தடுத்துவிட்டான். அர்பாப் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

கோடு போடும் நாள் வந்தது. நாற்பது அடிப் படகு. மேலே நீலம், கீழே சிவப்பு, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. அதை மேஜர் தவிர யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. தண்ணீர் நிரப்பிய நீளமான டியூபை வைத்து மட்டம் பார்த்து, டேப் ஒட்டி, பிரித்து, மறுபடி ஒட்டி, மூன்று நாள் படகைச் சுற்றி வந்தார். கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், காகிதத்தில் எதையோ கூட்டுவார், அடிப்பார். ராத்திரி தூங்குவதில்லை என்று மேடம் என் மனைவிக்கு போனில் சொன்னார். அறுபது வயதைத் தாண்டிய ஆள், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நடந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. நான் குதைபியா கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கொடுக்கப் போய், படகுக்கு நட்சத்திரம் என்ன என்று அர்ச்சகர் கேட்டதில் திணறி, சுவாமி பெயருக்கே செய்துவிட்டு வந்தேன்.

இறக்குவதற்குப் பத்து நாள் முன்னால் மேஜர் என்னைக் கூப்பிட்டார். "இறக்குகிற சனிக்கிழமை காலை அவள் 'டிரெஸ்ட் ஓவரால்' ஆக இருக்க வேண்டும். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். அதற்கான சாமான் ஸ்டோரில் இருக்கிறது. இதை முழுக்க உன்னிடம் விடுகிறேன். தெரியும் அல்லவா?"

"தெரியும் சார்" என்றேன். ஒரு வினாடிகூடத் தாமதிக்கவில்லை.

வளைகுடாவில் ஓவரால் என்றால் குழந்தைக்கும் தெரியும். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணியாக மூடி, முன்னால் ஜிப் வைத்த சட்டை. சைட்டில் நிற்கிற ஒவ்வொருவனும் போட்டிருப்பது அதுதான். படகு ஓவரால் போட்டிருக்க வேண்டும் என்றால் என்ன அர்த்தம்? முனையிலிருந்து முனை வரைக்கும் மூட வேண்டும். ஊரில் சிலைத் திறப்பு விழாவில் மூடி வைத்துக் கயிற்றை இழுப்பார்களே, அந்த மாதிரி வெள்ளைக்காரர்களுக்கும் ஒரு வழக்கம் இருக்கும். ஸ்டோருக்குப் போய்ப் பார்த்தேன். ஆட்களுக்கு ஓவரால் தைக்க வாங்கிய நீலத் துணி கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. பக்கத்தில் ஒரு பெட்டி நிறையக் கலர் கலராகக் கொடிகள். கொடிகள் விழாப் பந்தலுக்கு, துணி படகுக்கு. எல்லாம் கனகச்சிதமாகப் பொருந்தி வந்தது.

மேஸ்திரிக்குத்தான் சந்தேகம். "படகுக்கா சார் ஓவராலு?"

"ஆமா."

"மேஜரு சொன்னாரா?"

"மேஜர்தான் சொன்னார்."

"அச்சா" என்றார் மேஸ்திரி.

எங்கள் பில்டிங்குக்குக் கீழே ஒரு லாகூர்க்காரர் தையல்கடை வைத்திருந்தார். அளவுச் சீட்டை நீட்டினேன். நீளம் நாற்பது அடி, சுற்றளவு இருபத்தெட்டு. அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாய், ஆள் யாரு?" என்று உருதுவில் கேட்டார். விவரம் சொன்னேன். தொழிலில் அவருக்கு இருந்த சிரத்தையைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு வாரம் மற்ற வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டு இரண்டு தம்பிகளோடு உட்கார்ந்து தைத்தார். கிரேனின் பெல்ட் போவதற்கு நாலு ஓட்டை, முன்முனையிலிருந்து பின்முனை வரை ஒரே ஜிப், இரண்டு பக்கமும் இருட்டில் மின்னுகிற வெள்ளிப் பட்டை. கீழே பாவாடை மாதிரி மூன்று அடி தொங்கவிட்டு நாடா கோத்திருந்தார். பழக்கதோஷத்தில் மார்புப் பக்கம் பேனா வைக்க ஒரு பாக்கெட்டும் வைத்துவிட்டார். அதைப் பிரிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் நானும் மேஸ்திரியும் ஆட்களும் சேர்ந்து படகுக்கு ஓவராலை மாட்டி ஜிப்பை இழுத்தோம். அளவு பிசகாமல் உட்கார்ந்தது. கொடிகளையெல்லாம் சமோசாவும் ஜூஸும் வைத்திருந்த பந்தலைச் சுற்றித் தோரணமாகக் கட்டினேன். கிரேன் வந்து படகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது.

அண்ணனையும் மேடத்தையும் காரில் அழைத்துக்கொண்டு மேஜர் வந்தார். பட்டாளத்துப் பதக்கமெல்லாம் குத்திய கோட்டு. அண்ணனுக்கு எழுபது வயதிருக்கும். மடித்துவிட்ட சட்டைக்கை, பெயிண்ட் கறை படிந்த நகம், அதிகம் பேசாத ஆள். காரிலிருந்து இறங்கிய மேஜர் அண்ணாந்து பார்த்தார். ஆகாயத்தில் நீல ஓவரால் போட்டுக்கொண்டு, வெள்ளிப் பட்டை மின்ன, பாக்கெட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது அவருடைய படகு.

மேஜர் நிதானமாக என்னிடம் நடந்து வந்தார்.

"அது என்ன?"

"ஓவரால் சார்."

அவர் பந்தலைப் பார்த்தார். "அது?"

"கொடி சார்."

"சரி. கப்பலைக் கொடிகளால் அலங்கரிப்பதற்குத்தான் அந்தச் சொல். நீ சமோசாவுக்குச் செய்திருக்கிறாய்." சற்று நிறுத்தினார். "மிக்க நன்றி."

இங்கிலீஷ்காரர் அந்தக் குரலில் நன்றி சொன்னால் பெட்டியைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது. கழற்றலாம் என்றால் கடலில் ஏறியிருந்த தண்ணீர் வடிய ஆரம்பித்திருந்தது, இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆழம் போதாது. "இறக்கு" என்று கையைக் காட்டினார் மேஜர். அர்பாப் ஒருவர்தான் சந்தோஷமாக இருந்தார். "மாஷா அல்லா, படகுக்கும் யூனிஃபார்ம்!" என்று தன்னுடைய மற்ற இரண்டு படகுகளுக்கும் இதேபோல் வேண்டும் என்று என்னிடம் ஆர்டரே கொடுத்துவிட்டார். வெள்ளைக்காரர்கள் வழக்கப்படி மது பாட்டில் உடைக்க அர்பாபின் பட்டறையில் வழியில்லாததால், மேஸ்திரி கற்பூரம் காட்டி முன்முனையில் தேங்காய் உடைத்தார். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. மேஸ்திரி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

படகு தண்ணீரில் உட்கார்ந்தது, மிதந்தது. ஆனால் கோடு எங்கே? தையல்காரர் தாராளமாக விட்ட மூன்று அடிப் பாவாடை சுற்றிலும் நனைந்து ஒட்டிக்கொண்டு, படகு எதுவரை முழுகியிருக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாதபடி மறைத்துவிட்டது. மேஜர் படகுத்துறையின் ஓரத்தில் அட்டென்ஷனில் நின்றார். அண்ணன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேஸ்திரியும் இரண்டு பேரும் சின்னத் தோணியில் போய் ஜிப்பை இழுத்தார்கள். ஜிப் மாட்டிக்கொண்டது.

நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த ஒரு கோட்டுக்காகக் காத்திருந்தவரை, நான் ஒரு ஜிப்பை வைத்து மேலும் பத்து நிமிஷம் காக்க வைத்தேன். மேடம், விழாவுக்கு வந்திருந்த என் மனைவியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நாராயணா, வேலை போனால் போகட்டும், அந்த மனுஷன் மானம் போகக்கூடாது என்று உண்மையாகவே வேண்டிக்கொண்டேன்.

கடைசியில் மேஸ்திரி கத்தியை எடுத்துத் துணியைக் கிழித்தார். முன்பக்கம் முதலில் வெளியே வந்தது. தண்ணீருக்கு ஒரு நூல் மேலே வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. ஆட்கள் கை தட்டினார்கள். துணி பின்பக்கமாக வழிய வழியக் கோடு தண்ணீரை நெருங்கியது, தொட்டது, உள்ளே போயே போய்விட்டது. கைதட்டல் அங்கங்கே நின்றது. மேஸ்திரி தோணியைப் படகோடு ஒட்டி நிறுத்தி, தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் கையை என்னிடம் தூக்கிக் காட்டினார். நாலு விரல்.

மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மேஜர் பார்த்துவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அத்தனை பதக்கமும் குத்தியிருந்த அந்த ஆளின் முகம், திருவிழாக் கூட்டத்தில் திட்டு வாங்கின பையன் முகமாக மாறிப்போனது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அண்ணன் குந்தி உட்கார்ந்து பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மூன்று அங்குலம் இருக்குமா?" என்று கேட்டார்.

"இருக்கும்" என்றார் மேஜர்.

"அப்பாவுக்கு ஐந்துகூட வந்திருக்கிறது."

"எதில்?"

"எதில் வரவில்லை என்று கேள். ஒவ்வொன்றையும் இறக்கி விருந்தெல்லாம் முடிந்த மறுநாள், ஊர் எழுந்திருப்பதற்கு முன்னால், என்னை ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டோடு தோணியில் அனுப்புவார். பழைய கோட்டை அழித்துவிட்டு, தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே புதுசாகப் போட்டுவிட்டு வருவேன். வெளியே சொல்லக்கூடாது என்று உத்தரவு."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"அவர் இருந்தவரை முடியவில்லை. அவர் போன பிறகு நீ மேஜராகிவிட்டாய். போய் ஒரு மேஜரிடம் பெயிண்ட் டப்பாக் கதையைச் சொல்வதா என்று இருந்துவிட்டேன்." அண்ணன் எழுந்தார், முழங்காலைத் தட்டிக்கொண்டார். "உன் சின்னப் படகுக்கும் மறுநாளே மாற்றிப் போட்டேன். நீதான் அந்தப் பக்கம் திரும்பி வந்து பார்க்கவே இல்லை."

மேஜர் தொப்பியைத் தலையில் வைத்தார், மறுபடி கழற்றினார்.

"என்னா சார் பேசிக்கிறாக?" தோணியிலிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார். நான் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். பதினேழு வயதில் கட்டிய படகு, இரண்டு விரல், அப்பா சொன்ன சொல், பட்டாளம், மறுநாள் பெயிண்ட் டப்பா, எதையும் விடவில்லை. கேட்கக் கேட்க மேஸ்திரியின் வாய் பிளந்துகொண்டே வந்தது.

"இதுக்காகவா சார் பட்டாளத்துக்குப் போனாரு? எங்க ஊருல தண்ணியில எறக்கி, அது எங்கன நிக்கிதுன்னு பாத்துப்புட்டுத்தான கோடே போடுவோம்! இங்க முன்னாடியே போடுறாரேன்னு நான்கூட நெனச்சேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே மேஸ்திரி?"

"நீங்க யாரும் கேக்கலையே."

"என்ன சொல்கிறார்?" என்றார் மேஜர்.

மற்ற நாளாக இருந்தால் இரண்டு இடத்தில் மெழுகி, ஒரு இடத்தில் மரியாதை சேர்த்துச் சொல்லியிருப்பேன். அன்று ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். மேஜர் அந்தக் கோட்டு, பதக்கம், பளபளக்கும் பூட்ஸ் எல்லாவற்றோடும் படகுத்துறையின் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தார். சிரிப்பதாகத்தான் எல்லோரும் நினைத்தோம். பிறகு மேடம் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணன் மட்டும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கடலைப் பார்த்துக்கொண்டு, ஒரு கையை நீட்டித் தம்பியின் தோளில் வைத்தார். அதை எடுக்கவே இல்லை.

நான் கிழிந்த ஓவராலைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். அதிலிருந்து தண்ணீர் என் ஷூவில் சொட்டிக்கொண்டிருந்தது.

"முப்பத்திரண்டு வருஷம் பட்டாளம்" என்றார் மேஜர், யாரிடம் என்றில்லாமல். "யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"இப்ப என்னா சார் சொல்றாரு?" என்றார் மேஸ்திரி.

நான் குனிந்து ஓவராலில் இருந்த தண்ணீரைப் பிழிந்தேன். அது ஒன்றை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.